குளத்தடிச் சரிவில் புல்லுக்குப் பதிலாக என்ன நடலாம்?

தங்கச்சி, இதே சிக்கல் உள்ள மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோண்டாவில் பக்கம் குளத்தை ஒட்டிய காணி. வெள்ளத்துக்குப் பயந்து டிப்பர் டிப்பராகக் கிரவல் பறித்து நிலத்தை உயர்த்தி வீடு கட்டியிருக்கிறீர்கள். பின்வளவின் விளிம்பிலிருந்து குளத்தடி வரை எட்டடி இறக்கம், நாற்பதடி நீளம். மலேசியன் புல் பதித்தீர்கள். மாரியில் பச்சையாக நிற்கிறது, ஆனி பிறந்தால் வைக்கோலாகிவிடுகிறது. மெசினால் வெட்ட வந்தவர் கால் சறுக்கி விழுந்த பிறகு வேறு ஆளும் வருவதில்லை. கன்று விற்பவர் வெடேலியாக் கொடியை நடச் சொல்கிறார், மேசன் முழுச் சரிவுக்கும் கொங்கிறீற் போடச் சொல்கிறார். நீங்களோ இந்த ஆடிக்குள் புல்லை முழுக்கப் பிடுங்கிவிட்டு அதிகம் பார்க்கத் தேவையில்லாத செடி ஏதாவது நட வேண்டும் என்கிறீர்கள்.

புல்லை மாற்றுவது நல்ல முடிவு. ஆடியில் பிடுங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

காரணம் எங்கள் மழை. யாழ்ப்பாணத்துக்கு ஆண்டு முழுவதற்கும் ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழைதான். அதில் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை கொட்டித் தீர்த்துவிடும். 2008 நவம்பரில் நிஷா புயல் என்ன செய்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். ஆடியில் புல்லைப் பிடுங்கினால் கிரவல் மூன்று மாதம் சோளகக் காற்றில் காய்ந்து தூளாகும். அதன்மேல் ஐப்பசியின் முதற் பெருமழை விழும்போது சரிவில் விரலளவு வாய்க்கால்கள் விழும். கார்த்திகையில் அவை கையளவாகும். மண் குளத்துக்குள் போகும், வீட்டு விளிம்பு உள்நோக்கி வரும். காய்ந்த புல்லாக இருந்தாலும் அதன் வேர் இன்னும் மேல்மண்ணைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. புதியது வேர் விடும்வரை அதை விட்டுவைக்க வேண்டும். நான் கீழே சொல்லப்போகும் வரிசை முழுவதும் இந்த ஒரு காரணத்தால்தான் இப்படி அமைகிறது.

மலேசியன் புல் ஏன் தோற்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் தங்கள் கைராசி சரியில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தப் புல் ஈரமான, ஓரளவு நிழலான இடத்துக்கு உரியது. வேர் நாலைந்து விரற்கடைக்குமேல் இறங்குவது அபூர்வம். நிரவிய கிரவலில் ஊற்றும் தண்ணீர் சரிவால் ஓடிவிடுகிறது. உள்ளே இறங்கியதும் அந்தக் குட்டை வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடுகிறது. தண்ணீர் கூட்டினால் கிணறு இறங்கும். பசளை கூட்டினால் அதுவும் கிணற்றுக்குள்தான் வரும். எங்கள் அடிநிலம் வெடிப்பும் துவாரமுமான சுண்ணாம்புக்கல். வலிகாமத்துப் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருப்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த விடயம். ஒரு சரிவைப் பச்சையாக வைத்திருப்பதற்காக யூரியா வீசுவது என் மனதுக்கு ஒத்துவரவே இல்லை. புல்லைக் கொல்லக் களைகொல்லி அடிப்பதும் அப்படித்தான். உங்களுக்குக் கீழே குளம் வேறு இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் சரிவின் கடுமையை அளந்துகொள்ளுங்கள். மூன்றடித் தடி ஒன்றின் ஒரு முனையை மண்ணில் வைத்து, மேசனின் நீர்மட்டத்தை மேலே வைத்துத் தடியைச் சமமாகப் பிடியுங்கள். மறுமுனையிலிருந்து நிலம் எத்தனை அடி கீழே இருக்கிறது என்று பாருங்கள். ஓரடிக்குள் என்றால் அது மெல்லிய இறக்கம். யாழ். கோட்டைக்கு வெளியே ஒல்லாந்தர் காலத்துச் சரிவைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரி. அங்கே புல்லே போதும். மூன்றடிக்கு ஒன்றரை, இரண்டடி இறங்கினால் ஆழ வேர்ச்செடிகள் வேண்டும். மூன்றடிக்கு மூன்றடி என்றால் செடியை மட்டும் நம்பக்கூடாது. கல் அணையோ படித்தட்டோ கட்டித்தான் ஆக வேண்டும். நீங்கள் அனுப்பிய அளவுப்படி எட்டடி உயரத்துக்குப் பன்னிரண்டடி அகலம், அதாவது மூன்றடிக்கு இரண்டடி. செடியால் பிடிக்கக்கூடிய சரிவுதான், ஆனால் விளையாட்டுக் காட்ட முடியாத சரிவு.

இரண்டாவது, தண்ணீர். செடி வாங்கக் காசு எடுப்பதற்கு முன் வீட்டின் பின்பக்கப் பீலியைப் பாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது? நான் பார்த்த சரிந்த கரைகளில் அநேகமானவற்றில் பீலிக்குழாய் நேராக விளிம்பில்தான் திறந்திருந்தது. அந்தத் தண்ணீர் விழுகிற இடத்தில் எந்த வேரும் நிற்காது. குழாயை நீட்டி வீட்டின் பக்கவாட்டில் ஒரு குழிக்குள் விடுங்கள். குழியைக் கல்லாலும் உடைந்த ஓட்டுத் துண்டுகளாலும் நிரப்பிவிட்டால் தண்ணீர் மெல்ல நிலத்துக்குள் இறங்கும், உங்கள் கிணற்றுக்கும் நல்லது. மலசலகூடக் குழிக்குக் கிட்ட வெட்டாதீர்கள், அத்திவாரத்திலிருந்தும் பத்தடியாவது தள்ளி வெட்டுங்கள். பின்வளவின் நிலத்தையும் விளிம்பை நோக்கிச் சாயாமல் வீட்டுப் பக்கவாட்டை நோக்கி மெல்லச் சாய்த்து, விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே அரையடி உயர வரம்பு ஒன்று போட்டுவிடுங்கள். ஒரு நாள் கூலிவேலை. இதைச் செய்யாமல் நடுகிற செடி எல்லாம் வீண்.

மூன்றாவது, புல்லை எடுக்கும் விதம். முழுச் சரிவையும் ஒரேயடியாகத் தொடாதீர்கள். குறுக்குவாக்கில் பட்டை பட்டையாகப் பிரித்து, நடப்போகும் வரிகளில் மட்டும் ஒன்றரை அடி அகலத்துக்குப் புல்லை அடக்குங்கள். மிச்சப் புல் இந்த மாரி முழுக்க அப்படியே நிற்கட்டும். ஆவணியில் அந்தப் பட்டைகளை நனைத்து, பழைய காட்போட் மட்டைகளை விரித்து, மேலே பனையோலையோ இற்றுப்போன கிடுகோ போட்டு, இரண்டடிக்கு ஒரு முளை அடித்து இறுக்குங்கள். கூரைக்குக் கிடுகு வேய்வது போலக் கீழிருந்து தொடங்கி, மேல்வரிசை கீழ்வரிசையின் தலையில் ஏறி நிற்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் மழைத்தண்ணீர் மட்டைக்கு அடியில் புகுந்து எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும். மலேசியன் புல் ஆறேழு வாரத்தில் வெளுத்து இறந்துவிடும். அறுகும் கோரையும் கலந்திருந்தால் அவ்வளவு இலேசில் சாகாது. அந்த இடங்களில் அலவாங்கால் கிண்டிக் கிழங்கோடு எடுங்கள், எடுத்ததைச் சரிவிலேயே போட்டுவிடாதீர்கள். கறையான் ஓலைக்கும் மட்டைக்கும் ஓடி வரும் என்பதால் வீட்டு மரவேலைக்குக் கிட்ட இவற்றைக் குவிக்க வேண்டாம்.

வெறும் மண் தெரிந்தால் அடுத்து வருவது பார்த்தீனியம். இந்திய அமைதிப்படை காலத்தோடு வந்தது என்று சொல்வார்கள். எப்படி வந்ததோ, இன்றைக்கு வெறுமையாகக் கிடக்கும் எந்தக் காணியிலும் அதன் வெள்ளைப் பூ நிற்கிறது. பூப்பதற்கு முன், ஈரமண்ணில், கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். தோலில் பட்டால் சிலருக்குக் கடுமையாகக் கடிக்கும், இழுப்பு உள்ளவர்கள் கிட்டவே போகக்கூடாது. புல்லைப் பட்டையாக மட்டும் எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி நடவு. முதுகெலும்பாக வெட்டிவேர், அதன் இடையில் மற்றவை. நான் வேறு வழி சொல்லமாட்டேன்.

வெட்டிவேரை வாசனைக்கும் மருந்துக்கும்தான் எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியும். மண் காக்கும் வேலியாக அதைத் தென்னிந்திய விவசாயிகள் வரப்பில் நீண்ட காலமாக நட்டு வந்தார்கள். 1980களில் உலக வங்கியின் விவசாய அதிகாரிகள் இந்தியாவில் அதைப் பார்த்துப் பரப்பியபிறகுதான் உலகம் முழுக்க வீதிக்கரைகளுக்கும் அணைக்கட்டுகளுக்கும் போனது. இதன் வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேராகக் கீழே இறங்கும். தளர்ந்த மண்ணில் மூன்று மீற்றர்வரை போகும். வேரின் இழுவிசைத் தாங்குதிறன் சராசரியாகச் சதுர மில்லிமீற்றருக்கு 75 நியூட்டன், அதாவது சாதாரண உருக்குக் கம்பியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. உங்கள் காணியில் இது ஏன் முக்கியம் என்றால், நிரவிய மண் எப்போதும் பழைய நிலத்தோடு சேரும் மட்டத்தில்தான் வழுக்கும். எட்டடிக் கிரவலைக் கடந்து கீழே உள்ள செம்மண்ணுக்குள் போகக்கூடிய வேர், நாங்கள் வீட்டில் நடக்கூடிய புல்பூண்டு வகைகளில் இதற்குத்தான் இருக்கிறது. தண்ணீர் சில வாரம் கட்டி நின்றாலும் சாகாது, கோடையிலும் சாகாது. தென்னிந்திய வகை முளைக்கும் விதை வைக்காது; அதனால் குளத்துக்குள் பரவிவிடும் என்ற பயமும் இல்லை. விதையாக யாராவது விற்றால் வாங்காதீர்கள். பற்றையாக வாங்கி நீங்களே பிரியுங்கள். நிழல் மட்டும் அதற்கு ஆகாது. மாமரத்தின் கீழே நட்டால் இரண்டு வருடத்தில் மெலிந்து போய்விடும்.

வரி குறுக்குவாக்கில் சமமட்டமாகப் போக வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கண்ணால் பார்த்துப் போட்ட வரி ஓரிடத்தில் கட்டாயம் தாழும். மழைத்தண்ணீர் அந்த இடத்தில் ஒன்றுகூடி வரியை உடைக்கும். இதற்கு ஆறடிக் கம்பு இரண்டை ஒரு முனையில் கட்டி, கால்களை ஐந்தடி விரித்து, நடுவில் குறுக்குத் தடி ஒன்றைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து கல் கட்டிய நூல் ஒன்று தொங்கட்டும். இரண்டு கால்களையும் எங்காவது ஊன்றி, நூல் குறுக்குத் தடியைத் தொடும் இடத்தில் ஒரு கோடு கீறுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி, அதே இரண்டு குழிகளில் ஊன்றி இன்னொரு கோடு கீறுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் சமமட்டம். சரிவின் ஒரு முனையில் ஒரு காலை ஊன்றி, மற்றக் காலை மேலும் கீழும் அசைத்து, நூல் நடுப்புள்ளிக்கு வந்ததும் அங்கே ஒரு முளை அடியுங்கள். பிறகு அந்த முளையிலிருந்து அடுத்தது. எட்டுத் தரம் வைத்தால் உங்கள் நாற்பதடியும் முடிந்துவிடும். வளைந்து வளைந்து போனால் பயப்படாதீர்கள், நிலம் அப்படித்தான் இருக்கிறது.

மூன்று வரி போதும். ஒன்று மேல் விளிம்பில், மற்ற இரண்டும் அதற்குக் கீழே ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டே முக்காலடி இறக்கத்துக்கு ஒன்றாக. அடிவாரத்தில் வரிக்குப் பதிலாக முருகைக்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ ஒரு முழ உயரத்துக்கு, சாந்து இல்லாமல், உள்நோக்கிச் சாய்த்து அடுக்கிவிடுங்கள். அரையடிக்கு ஒரு பிடி என்றால் வரிக்கு எண்பது, மொத்தம் இருநூற்று நாற்பது. செத்ததை மாற்றுவதற்கு இன்னும் முப்பது வைத்துக்கொள்ளுங்கள்.

பற்றையைக் கையால் பிய்க்க வேண்டாம், வேர்க்கழுத்து முறிந்துவிடும். கத்தியால் இரண்டு மூன்று தண்டுகள் ஒரு பிடியில் நிற்க வெட்டிப் பிரியுங்கள். இலையை ஒரு சாண் விட்டு வெட்டுங்கள், வேரை நாலு விரற்கடை விட்டு வெட்டுங்கள். சாணத்தையும் மண்ணையும் கூழாகக் கரைத்து அதில் வேரைத் தோய்த்து, நனைத்த சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். சில நாட்களில் கழுத்தடியில் வெள்ளை வேர் முனைகள் குத்தி வரும். அப்போது நட்டால் தப்பாமல் பிடிக்கும். அரையடி ஆழத்தில் கான் வெட்டி, அடியில் மக்கிய எருவைத் தூவி, பிடிகளை நேராக நிறுத்தி, குதிக்காலால் மண்ணை இறுக மிதியுங்கள். பிடித்து இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் மிதித்தது போதாது. நாள் பார்த்தால் ஐப்பசியின் முதல் நல்ல மழைக்கு அடுத்த நாள். கார்த்திகை அடைமழைக்கு முன் மூன்று நான்கு வாரம் கிடைக்கும்.

அதே நாளில் வரிகளுக்கு இடையில், புல் மெலிந்து மண் தெரிகிற இடங்களில் கொள்ளு விதையுங்கள். பலசரக்குக் கடைக் கொள்ளே போதும். ஒரு வாரத்துக்குள் முளைத்து மண்ணை மூடும், கோடையில் தானாகச் செத்துப் பசளையாகும். அதன் வேலை இந்த ஒரு மாரியை ஒப்பேற்றிவிடுவதுதான்.

நிரந்தரமாக இடையில் நிற்க வேண்டியவற்றுக்கு வருகிறேன். இந்த இடத்தில்தான் ஆட்கள் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து ஏமாறுகிறார்கள். எங்கள் வெயிலுக்கும் சுண்ணாம்பு மண்ணுக்கும் பழகிய செடி ஒழுங்கைக் கரையிலேயே நிற்கிறது. ஆவரசை எடுங்கள். ஆழமான வேர், காய்ந்த கரையிலும் மஞ்சளாகப் பூக்கும், ஆடு பெரிதாகச் சீண்டாது. பூவைக் காயவைத்துத் தேநீராகவும் குடிக்கலாம். வருடத்துக்கு ஒரு தரம் இடுப்புயரத்துக்கு வெட்டிவிட்டால் பற்றையாகவே நிற்கும். நாலடிக்கு ஒன்று நடுங்கள்.

காவிளாய் இன்னொன்று. பனங்காணிகளில் தானாக நிற்கும். எங்கள் தோட்டக்காரர் தலைமுறை தலைமுறையாக வெட்டித் தாழ்த்திய பசளைச்செடி. ஆணிவேர் ஆழமாக இறங்கும், காற்றிலுள்ள நைதரசனை எடுத்து மண்ணில் சேர்க்கும், தன் விதையால் தானே முளைக்கும். விதையின் தோல் கடினம் என்பதால் கொதித்து இறக்கிய தண்ணீரைச் சற்று ஆறவிட்டு அதில் ஓரிரவு ஊறவைத்துத் தூவுங்கள். பூ சின்னது, ஊதா நிறம். அழகுக்காக யாரும் நடமாட்டார்கள், ஆனால் இந்தச் சரிவுக்கு அதைவிட உண்மையாக உழைக்கிற செடி எனக்குத் தெரியாது.

அழகு வேண்டுமென்றால் பட்டிப்பூ. வெள்ளையும் ஊதாவும் கலந்து விடுங்கள். ஆடுமாடு வாய் வைக்காது, தண்ணீர் கேட்காது, விதை விழுந்து வருடா வருடம் புதிதாக வரும். குழந்தைகள் வாயில் வைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், நஞ்சு உண்டு. மாமர நிழல் விழும் மூலைக்கு மருள். அதன் கிழங்கு மண்ணுக்குள் பின்னிக்கொண்டு ஓடும், வெட்டிவேர் தோற்கும் நிழலில் அது நிற்கும். அடிக்கல் வரிசையின் இடுக்குகளில் பிரண்டைத் துண்டைச் சொருகுங்கள், துவையலுக்கும் ஆகும். குளத்து ஈரம் ஏறுகிற கீழ்ப்பகுதியில் நொச்சிக் கம்பு ஊன்றினால் பிடிக்கும். வெட்ட வெட்டத் துளிர்க்கும், ஆவி பிடிக்க இலையும் கிடைக்கும். கற்றாழை பிள்ளை வைத்துப் பெருகும், ஆனால் வேர் மேலோட்டம் என்பதால் மண் பிடிக்கும் வேலையை அதனிடம் கொடுக்காதீர்கள்.

கச்சான் இலை மாதிரி இலையும் மஞ்சள் பூவுமாகத் தரையோடு படரும் செடியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது கச்சானின் உறவுதான், நல்ல செடி. ஆனால் சுண்ணாம்பு கூடிய மண்ணில் இரும்புச்சத்து எடுக்க முடியாமல் இலை மஞ்சளிக்கும், கோடை முழுக்கத் தண்ணீரும் கேட்கும். மேலே சமதரையில், கிணற்றடிக்குக் கிட்ட வையுங்கள்.

வெடேலியா வேண்டாம். ஆறு மாதத்தில் மூடிவிடும் என்று கன்று விற்பவர் சொன்னது உண்மைதான், அதுதான் பிரச்சினையே. ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டு ஓடும், ஒரு துண்டு குளத்துக்குள் விழுந்தால் அங்கேயும் ஓடும். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் அதுவும் இருக்கிறது. நாளைக்கு ஊரே கூடிக் குளத்தைத் துப்புரவாக்கும் நிலையை உங்கள் வளவிலிருந்து தொடக்கிவைக்காதீர்கள். அதோடு, அதன் வேர் குட்டை. நனைந்த பாரத்தோடு பாய் மாதிரி மொத்தமாகச் சறுக்கும்.

கொங்கிறீற் பூச்சும் வேண்டாம். மழைத்தண்ணீர் எங்காவது ஒரு வெடிப்பால் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. நிரவிய மண் ஊறிப் பூச்சைத் தள்ளும். சுவர்தான் கட்டுவது என்று முடிவெடுத்தால் அடிவரிசையில் ஐந்தடிக்கு ஒரு இரண்டங்குலக் குழாய் வைத்து, அதன் பின்னால் சல்லி போட்டுத் தண்ணீர் வெளியேற வழிவிடச் சொல்லுங்கள். அதைப்பற்றிக் கதைக்காத மேசனிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

சரிவின் நடுவில் பெரிய மரமும் வைக்க வேண்டாம். சோளகத்தில் ஆடி ஆடி மண்ணை இளக்கிவிடும். அடிவாரத்தில் கல் வரிசைக்கு அப்பால் பனங்கொட்டை புதைக்கலாம். குளக்கட்டுகளில் பெரியவர்கள் பனை வைத்தது காரணமில்லாமல் இல்லை. பலன் உங்கள் பிள்ளைகளுக்குத்தான்.

சரிவில் ஏற்கனவே மண் இறங்கிய இடம் இருந்தால் அங்கே மட்டும் கூடுதலாக ஒன்று செய்யுங்கள். முதல் மழையோடு கிளுவை அல்லது சீமைக்கிளுவைக் கதியால்களைக் குறுக்கே ஒரு முழத்துக்கு ஒன்றாக, இரண்டடி ஆழம் இறங்க நட்டு, அவற்றின் மேற்புறத்தில் பனைமட்டையைப் பின்னிச் செருகி, பின்னால் மண் நிரப்பிவிடுங்கள். மட்டை உக்குவதற்குள் கதியால் வேர் விட்டுவிடும். சீமைக்கிளுவைக்கு ஆடு ஓடி வரும் என்பதால் முதல் வருடம் முள் அடையுங்கள். கட்டாக்காலி மாடுகளுக்கும் அதே முள்தான். தின்பதைவிட அவை மிதித்து உடைக்கிற விளிம்புதான் அதிகம்.

முதல் வருடம் வேலை குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள், புல்லைவிடக் கூடத்தான் இருக்கும். மாசி தொடக்கம் வாரம் ஒரு தரம் வேரடியில் தண்ணீர் போக வேண்டும். குழாயைப் பிடித்து அடித்தால் ஓடிவிடும். முதல் மாரியிலேயே புல் மெலிந்த இடங்களில் ஆவரசு வைத்திருந்தால் ஒவ்வொரு கன்றின் மேற்பக்கத்திலும் பிறை வடிவில் சின்னப் பாத்தி பிடித்து அதில் மெல்ல ஊற்றுங்கள். சித்திரையில் இடிமழை இரண்டு கிடைத்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். வைகாசியிலிருந்து ஆவணிவரை, சோளகம் வீசும் காலத்தில், வெட்டிவேருக்குப் பத்து நாளைக்கு ஒரு தரமாவது கொடுங்கள். இரண்டாம் கோடையில் அதையும் நிறுத்திவிடலாம். மிச்சப் புல்பட்டைகளை இரண்டாம் வருட ஆவணியில் அதே முறையில் மூடி எடுத்து, அந்த மாரியில் ஆவரசும் காவிளாயும் பட்டிப்பூவும் நட்டு முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு தரம் வெட்டிவேரை முழங்கால் உயரத்துக்கு வெட்டினால் போதும். வெட்டிய இலையை அங்கேயே வரியின் மேற்பக்கத்தில் போடுங்கள். காய்ந்த தாள் நெருப்புக்கு எளிது. தைப்பொங்கல், தீபாவளி வெடி கொளுத்தும் பக்கத்தில் வெட்டாமல் விடாதீர்கள்.

பொச்சுமட்டை பரப்புவது ஈரத்துக்கு மிக நல்லது, ஆனால் குழிப்பக்கம் கீழே பார்க்க வைத்து மண்ணில் அமுக்குங்கள். மல்லாந்து கிடக்கும் ஒவ்வொரு மட்டையிலும் தண்ணீர் நின்று நுளம்பு முட்டையிடும். மார்கழி, தை எங்களுக்கு டெங்குக் காலம். சிரட்டையைச் சரிவில் போடவே வேண்டாம்.

அம்மா பாம்புக்குப் பயப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். நியாயமான பயம். சுருட்டையும் விரியனும் உள்ள ஊர் இது. சரிவின் மேல் விளிம்புக்கும் வீட்டுக்கும் இடையில் ஆறடி அகலத்துக்குச் செடியில்லாமல் கூட்டித் துப்புரவாக வையுங்கள், அங்கே விறகும் ஓடும் குவிக்காதீர்கள். கோழித்தீனும் சாப்பாட்டு மிச்சமும் சரிவில் கொட்டினால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். வெட்ட இறங்கும்போது நீளச் சப்பாத்தும், முன்னால் தட்டிப் பார்க்க ஒரு தடியும் இருக்கட்டும்.

வடமராட்சி கிழக்கு, தீவகம் போல மணலும் உப்பும் உள்ள இடத்தில் இருந்து இதைப் பார்ப்பவர்கள் மேலே சொன்ன கலவையை அப்படியே எடுக்க வேண்டாம். அங்கே கடற்கரை மணலைப் பிடித்து வைத்திருப்பது அடம்பன்தான். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மா சொல்லவில்லை. முழநீளத் துண்டுகளை இரண்டு கணு புதைய ஈரமணலில் நடுங்கள். கிணறு உவராக இருந்தால் ஆவரசும் மருளும் தாங்கும்.

கடைசியாக இரண்டு விடயம். குளத்தடியில் கல் அடுக்கவோ பனை வைக்கவோ முன் உங்கள் எல்லை எங்கே முடிகிறது என்று நில அளவை வரைபடத்தைப் பாருங்கள். குளத்தின் ஒதுக்குநிலம் உங்கள் காணிக்குள் வராது. கமநல சேவை நிலையத்திலும் பிரதேச சபையிலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மற்றது, இந்த மாரியிலும் அடுத்த மாரியிலும் பெருமழை விட்ட ஒவ்வொரு காலையிலும் மேல் விளிம்பை ஒரு தரம் நடந்து பாருங்கள். விளிம்புக்குச் சமாந்தரமாக வெடிப்பு ஓடியிருந்தால், அல்லது சரிவின் கீழ்ப்பகுதி வயிறு தள்ளின மாதிரித் தெரிந்தால், அது செடியால் நிற்காது. வெடிப்புக்குள் தண்ணீர் போகாமல் பொலித்தீன் விரித்து, பாரமான எதையும் விளிம்பில் வைக்காமல், சிவில் எஞ்சினியர் ஒருவரை அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் வெட்டிவேர்ப் பற்றைக்கு இப்போதே சொல்லி வையுங்கள். ஐப்பசியில் எல்லாரும் ஒன்றாகத் தேடும்போது கிடைக்காது.